நெடும்பெட்டிக் கடிகாரம்: குமரி மாவட்ட வீட்டில் நிறுத்துவது, ஓட வைப்பது, காப்பது

லண்டனில் நொடி பிசகாமல் ஓடிய ஒரு நெடும்பெட்டிக் கடிகாரத்தை, அதாவது ஆளைவிட உயரமான பெட்டிக்குள் எடையும் ஊசலும் தொங்கும் கடிகாரத்தை, அப்படியே தூக்கி வந்து நாகர்கோவிலில் ஓடவிட்டால், ஒரு நாளைக்கு ஏறக்குறைய 2 நிமிடம் 15 விநாடி பிந்தும். கடிகாரத்தில் குறை எதுவும் இல்லை. நிலநடுக்கோட்டை நெருங்க நெருங்கப் புவியீர்ப்பு குறைகிறது, அதனால் ஊசலின் ஆட்டம் மெதுவாகிறது. ஒரு பக்க வீச்சுக்குச் சரியாக ஒரு விநாடி எடுக்கும் ஊசலின் நீளம் லண்டனில் 994 மி.மீ. சுமார் 8 பாகை அட்சரேகையில் இருக்கும் நமக்கு அது 991 மி.மீ. இந்த 3 மி.மீ. வித்தியாசத்தை முதன்முதலில் கண்டவர் ழான் ரிஷே என்ற பிரெஞ்சு வானியலாளர். 1672இல் அவர் தென் அமெரிக்காவின் கயேன் நகருக்குப் போனபோது, பாரிஸில் சரிசெய்த கடிகாரம் அங்கே நாளுக்கு இரண்டரை நிமிடம் பிந்தியது. கயேனும் கிட்டத்தட்ட நம்முடைய அட்சரேகைதான், 5 பாகை வடக்கு.

இந்தக் கணக்குத் தெரியாமல் "மெதுவாக ஓடுகிறது, மெஷின் தேய்ந்துவிட்டது" என்று பிரித்துப் போட்டுப் பாழாக்கிய கடிகாரங்கள் உண்டு. 200 வருடம் பழைய பிரிட்டிஷ் கடிகாரம் ஒன்று நின்றுபோனாலோ பிந்தினாலோ, முதலில் சந்தேகப்பட வேண்டியது அது நிற்கும் தரையை, சாய்ந்திருக்கும் சுவரை, ஊசல் குண்டுக்கு அடியிலுள்ள மரையின் உயரத்தை. பல் சக்கரங்களின் முறை அதற்குப் பிறகுதான் வரும்.

உள்ளே இருப்பது என்ன

ஒருமுறை சாவி கொடுத்தால் எட்டு நாள் ஓடும் வகையில் முகப்பில் இரண்டு சாவித்துளை இருக்கும். வலது துளை நேரம் ஓட, இடது துளை மணி அடிக்க. முப்பது மணிநேர வகையில் துளையே இருக்காது. ஒற்றை எடையைச் சங்கிலியிலோ கயிற்றிலோ தினமும் இழுத்து ஏற்ற வேண்டும். முகப்பில் துளை வரைந்து எட்டு நாள் வகை போலக் காட்டியவையும் உண்டு, சாவியை நுழைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். பத்மநாபபுரம் அரண்மனை மணிக்கூண்டும் நாகர்கோவில் மணிமேடையும் ஓடியது இதே எடை இறங்கும் விசையில்தான், அளவுதான் வேறு.

எட்டு நாள் இயந்திரத்தின் கணக்கு அழகானது. கயிறு சுற்றும் உருளையோடு சேர்ந்த பெரிய சக்கரத்துக்கு வழக்கமாக 96 பல். அது 8 பல் சிறுசக்கரத்தைச் சுற்றுவதால் உருளை ஒரு சுற்று வர 12 மணிநேரம் ஆகும். உருளையில் 16 வரி பள்ளம், ஆக 192 மணிநேரம், சரியாக 8 நாள். மேலே கடைசிச் சக்கரத்துக்கு 30 பல். நங்கூர வடிவ உறுப்பு ஒவ்வொரு பல்லையும் இரண்டு தடவையாக விடுவிப்பதால் நிமிடத்துக்கு 60 டிக். விநாடி முள் அந்தச் சக்கரத்தின் அச்சிலேயே நேராக உட்கார்ந்திருக்கிறது. இந்த நங்கூர விடுப்பு 1670 வாக்கில் வந்தது. அதற்கு முன் ஊசல் அகலமாக ஆட வேண்டியிருந்தது. வீச்சு குறைந்த பிறகுதான் ஒரு மீட்டர் ஊசலை ஒடுக்கமான பெட்டிக்குள் அடக்க முடிந்தது. நெடும்பெட்டி என்ற வடிவம் பரவியதே அதனால்தான்.

வேலைப்பாட்டைப் பார்க்க ஆசைப்பட்டால் முகப்பையும் இயந்திரத்தையும் மூடியிருக்கும் தலைப்பெட்டியைக் கழற்றிவிட்டு, டார்ச் அடித்துப் பக்கவாட்டில் பாருங்கள். இரண்டு பித்தளைத் தகடுகள், நடுவே நாலு தூண்கள். தூண்கள் பின்தகட்டில் அறைந்து இறுக்கப்பட்டிருக்கும். முன்தகட்டுக்கு வெளியே நீட்டும் முனையில் ஒரு சிறு துளை, அதில் கூம்பிய ஊசி ஒன்று. அவ்வளவுதான் பூட்டு. திருகாணி இல்லை, பசை இல்லை. அந்த ஊசியை உருவினால் முழு இயந்திரமும் பிரிந்து வரும், திரும்ப அடித்தால் பழையபடி இறுகும். பிரித்துச் சுத்தம் செய்து மறுபடி பூட்டுவதை நினைத்தே கட்டிய அமைப்பு இது.

இடம் தேர்வு

எட்டு நாள் கடிகாரங்கள் பொதுவாக ஏழு அடிக்கு மேல், சில எட்டு அடி வரை. பழைய ஓட்டு வீடுகளில் மரத்தட்டு அடித்த அறை தாழ்வாக இருக்கும், உச்சியிலுள்ள பித்தளை உருண்டைகளையும் சேர்த்து அளந்து பாருங்கள். பெரும்பாலும் தலைப்பெட்டி முன்பக்கமாக நகர்ந்து கழலும், எனவே முன்னால் ஓர் அடியாவது வெறும் இடம் வேண்டும்.

மேற்குப் பக்க வெளிச்சுவரைத் தவிருங்கள். ஆனி, ஆடிச் சாரலில் அந்தச் சுவர் ஈரம் குடிக்கும், ஐப்பசி அடைமழை வரை காயாது. முதுகுப்பலகை பெரும்பாலும் மெல்லிய ஓக் அல்லது பைன். ஈரச்சுவரை ஒட்டியிருந்தால் அது வளைந்து ஊசல் குண்டில் உரசும். உள்சுவரே நல்லது. பூஜை விளக்குக்குப் பக்கத்தில் வைத்தால் எண்ணெய்ப்புகை முகப்பில் படியும். ஏசி காற்று நேராக அடிக்கும் இடத்தில் பெட்டிமேல் ஒட்டிய மெல்லிய மரத்தகடு பிளக்கும். ஊஞ்சல் தொங்கும் உத்தரம் எந்தச் சுவரில் இறங்குகிறதோ அந்தச் சுவரும் வேண்டாம்.

கடற்கரையிலிருந்து சில கிலோமீட்டருக்குள் இருக்கும் வீடுகளில், குளச்சல், முட்டம், கன்னியாகுமரி பக்கம், உப்புக்காற்று முதலில் தின்பது ஊசலைத் தாங்கும் மெல்லிய எஃகுத் தகட்டைத்தான். சன்னலுக்கு நேரே கடிகாரத்தை நிறுத்தாதீர்கள்.

தரையும் சுவரும்

சிவப்புக் காவி பூசிய பழைய தரைகள் தண்ணீர் ஓடுவதற்காக லேசான சரிவு விட்டுப் போடப்பட்டவை. ரசமட்டம் வைத்துப் பார்க்காமல் கடிகாரத்தை நிறுத்தக் கூடாது. அடிப்பெட்டியைத் தரையில் நேராக வைக்கவும் வேண்டாம். தினமும் தரை துடைக்கும் ஈரத்தை அடிக்கட்டை உறிஞ்சும், சில வருடத்தில் கால்கள் உளுத்துப்போகும். பெட்டியின் அடியளவுக்குக் கருங்கல் பலகை ஒன்றை, 2 செ.மீ. கனத்தில், போட்டு அதன்மேல் நிறுத்துங்கள். செதல் ஏறினாலும் கல்லின் விளிம்பில் மண்கோடு தெரிந்துவிடும். மாதம் ஒருமுறை குனிந்து அந்த விளிம்பைச் சுற்றிப் பார்ப்பது போதும்.

மட்டம் சரிசெய்ய அட்டையை மடித்து வைக்காதீர்கள், மழைக்காலத்தில் அது நசுங்கும். ஆசாரியிடம் சொல்லித் தேக்கில் மெல்லிய ஆப்புகள் சீவி வாங்குங்கள். பக்கவாட்டில் ரசமட்டம் போதும். முன்பின் சாய்வுக்குக் கொத்தனாரின் தூக்குக்குண்டைப் பெட்டியின் ஓரத்தில் பிடியுங்கள். முன்னால் துளியும் சாயக் கூடாது.

அடுத்தது சுவரோடு பிணைப்பது. இதைத் தவிர்த்தால் வேறு எதைச் செய்தும் பயனில்லை. இரண்டு எடைகளும் சேர்ந்து 11 முதல் 13 கிலோ, எல்லாம் பெட்டியின் மேல்பகுதியில் தொங்குகிறது. பெட்டி லேசாக ஆடினாலும் ஊசலின் வீச்சைப் பெட்டி திருடிக்கொள்ளும். இன்னொரு விஷயம்: எடைகள் நாளுக்கு 16 செ.மீ. வீதம் இறங்கி, ஐந்தாம் ஆறாம் நாளில் ஊசல் குண்டின் மட்டத்துக்கு வரும். அப்போது எடையும் கயிறும் சேர்ந்து இன்னொரு ஒரு மீட்டர் ஊசலாகிவிடும். பெட்டி ஆடக்கூடியதாக இருந்தால் எடைகள் தாமாகவே ஆடத் தொடங்கி, உண்மையான ஊசலை நிறுத்திவிடும். "திங்கட்கிழமை சாவி கொடுத்தால் சனிக்கிழமை நிற்கிறது" என்ற புகாருக்குப் பெரும்பாலும் இதுவே காரணம். எண்ணெய் விட்டுத் தீராது. முதுகுப்பலகையின் மேல்பகுதியில், ஊசல் தொங்கும் இடத்துக்குச் சற்றுக் கீழே, பித்தளை அல்லது ஸ்டெயின்லெஸ் திருகாணி ஒன்றால் சுவரில் இறுக்குங்கள். சுவருக்கும் பலகைக்கும் நடுவே 2 செ.மீ. மரக்கட்டை கொடுத்தால் காற்றும் போகும், அடியிலுள்ள சுவர்ப்பட்டையின் புடைப்பும் சரியாகும். பழைய திருகாணித் துளை இருந்தால் அதையே பயன்படுத்துங்கள்.

இயந்திரத்தை ஏற்றுவது

இயந்திரம் உட்காரும் பலகை பெட்டியின் இரண்டு பக்கப் பலகைகள் மேல் கிடக்கும். எடை தொங்காதபோது முகப்பின் கனம் இயந்திரத்தை முன்னால் கவிழ்த்துவிடும். ஒருவர் முகப்பைப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும், இந்த வேலைக்கு ஆள் இரண்டு தேவை.

பலகையை வைத்த பிறகு ஊசல். நடுக்கதவு வழியாகக் குண்டைக் கீழிருந்து மேலே கொண்டுபோய், ஊசல் கம்பியைக் கவைக்கம்பியின் (நங்கூரத்தோடு சேர்ந்து ஆடி ஊசலைத் தள்ளும் கம்பி) வளையத்துக்குள் நுழைத்து, உச்சியிலுள்ள எஃகுத் தகட்டைப் பின்தாங்கியின் பிளவில் தொங்கவிடுங்கள். இந்தத் தகட்டின் கனம் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுதான். ஒருதடவை மடங்கினால் ஊசல் தள்ளாடி ஆடும், நிமிர்த்தி எடுக்க முடியாது, மாற்ற வேண்டியதுதான். நம் காற்றில் அது பித்தளைப் பிடியோடு சேரும் கோட்டில் சிவப்புப் புள்ளி விடும், அங்கேதான் முறியும். ஒன்று கூடுதலாக வாங்கி, எண்ணெய்த் தாளில் சுற்றி வைத்திருங்கள். வாங்கும்போது பழையதன் நீளத்தையே கேளுங்கள். நீளம் கூடினால் மரையை உச்சிவரை ஏற்றியும் கடிகாரம் பிந்தும்.

கயிறு: உருளையிலிருந்து இறங்கி, எடையின் கப்பியைச் சுற்றி மேலேறி, பலகைத் துளையில் முடிச்சுப் போட்டு நிற்கும். ஒரு பக்கத்துக்குச் சுமார் 3 மீட்டர் தேவை, கனம் 1.5 மி.மீ. ஆதியில் ஆட்டுக்குடல் நரம்பு. நம் ஈரத்தில் அது இளகும், எலியும் கடிக்கும். அதே கனத்தில் வரும் செயற்கை நரம்பே நல்லது. எஃகு ஒயர் வேண்டாம், பித்தளைப் பள்ளத்தை அறுத்துவிடும். மீன்பிடிக்கும் தங்கூசி கையருகே கிடைக்கிறது என்று அதைப் போடுவதும் உண்டு. கப்பி இருப்பதால் 6 கிலோ எடைக்கு ஒரு கயிற்றில் விழுவது 3 கிலோதான், தங்கூசி அதைத் தாங்கும். ஆனால் அது நீளும், முடிச்சு வழுக்கும். வழுக்கினால் எடை நேராக அடிப்பெட்டியின் தளத்தை உடைத்துக்கொண்டு போகும். எந்தக் கயிறானாலும் பெட்டியின் அடியில் ஒரு பலகைத் துண்டும் பழைய கம்பளமும் போட்டு வைப்பது நல்லது.

எடைகளைக் கடைசியில் மாட்டுங்கள். முன்பு எந்தப் பக்கம் எது தொங்கியது என்று குறி இருந்தால் அதன்படியே மாட்டுங்கள். வெறும் ஈயத்தைத் தொட்டால் கையை சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும்.

டிக்கும் டாக்கும் சமமாக

இரவில், மின்விசிறியை நிறுத்திவிட்டுக் கேளுங்கள். டிக்… டாக்… டிக்… டாக்… இடைவெளி ஒரே மாதிரி இருக்க வேண்டும். டிக்டாக்… டிக்டாக்… என்று நொண்டினால் பத்து நிமிடத்திலோ ஒரு நாளிலோ நிற்கும்.

காதை நம்ப முடியாவிட்டால் கண்ணால் பாருங்கள். ஊசலை நிறுத்தி, குண்டின் நுனிக்கு நேர் பின்னால் முதுகுப்பலகையில் ஒரு தாளை ஒட்டி நடுக்கோடு போடுங்கள். எடை மாட்டிய நிலையில் குண்டை மெல்ல இடப்பக்கம் நகர்த்தி, டிக் கேட்ட இடத்தைக் குறியுங்கள். அதேபோல வலப்பக்கமும். நடுக்கோட்டிலிருந்து இரண்டும் ஒரே தூரம் என்றால் சரி. வலப்பக்கம் அதிக தூரம் போக வேண்டியிருந்தால் கவைக்கம்பியின் அடிப்பாகத்தை இடப்பக்கமாக வளைக்க வேண்டும். இடப்பக்கம் அதிகமென்றால் வலப்பக்கமாக. கம்பியின் மேல்பாதியை ஒரு கையால் இறுகப் பிடித்து, கீழ்ப்பாதியை மட்டும் மற்றக் கையால் ஒரு மயிரளவு வளைத்து, மறுபடி அளவெடுங்கள். மேலே பிடிக்காமல் வளைத்தால் அந்த விசை நங்கூரத்தின் அச்சுமுனைக்குப் போய் அதை ஒடிக்கும். பெட்டியைச் சாய்த்து டிக்கைச் சமமாக்குவது தவறான வழி. குண்டு பக்கத்தில் உரசும், அடுத்தமுறை யாராவது பெட்டியை நிமிர்த்தினால் மறுபடி நிற்கும்.

வேகம்

குண்டுக்கு அடியிலுள்ள மரையை மேலேற்றினால் குண்டு உயரும், கடிகாரம் முந்தும். ஒரு மி.மீ. உயர்வுக்கு நாளுக்குச் சுமார் 43 விநாடி. பழைய மரைகளில் ஒரு முழுச்சுற்று ஏறத்தாழ அரை நிமிடம் என்று வைத்துத் தொடங்கலாம், இரண்டு நாளில் உங்கள் மரையின் சரியான கணக்கு கிடைத்துவிடும். இங்கிலாந்திலிருந்து நேராக வந்த கடிகாரமென்றால் முதலில் 3 மி.மீ. ஏற்றிவிடுங்கள். திருவிதாங்கூர் காலம் தொட்டு இங்கேயே ஓடியதென்றால் முன்பே யாரோ ஏற்றியிருப்பார்கள், தொடாமல் ஒரு நாள் பாருங்கள்.

மரையைத் திருகும்போது கம்பியை மற்றக் கையால் பிடித்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் மேலேயுள்ள தகடு முறுக்கிக்கொள்ளும். மரையைக் கீழிறக்கும்போது குண்டு கம்பியில் ஒட்டிக்கொண்டு இறங்காமல் நிற்பதுண்டு, விரலால் மெல்லக் கீழே அழுத்துங்கள். ஒவ்வொரு திருத்தத்துக்கும் பிறகு 24 மணிநேரம் காத்திருந்து கைபேசி நேரத்தோடு ஒப்பிடுங்கள். அவசரப்பட்டு நாளுக்கு மூன்று தடவை திருகினால் ஒரு மாதமானாலும் அமையாது.

நம் மாவட்டத்தின் ஒரு கொடுப்பினை இங்கே உதவும். எஃகுக் கம்பி ஊசல் ஒரு பாகை செல்சியஸ் சூட்டுக்கு நாளுக்கு அரை விநாடி பிந்தும். ஐரோப்பிய வீடுகளில் கோடைக்கும் குளிருக்கும் வித்தியாசம் பெரிது, ஆங்கிலேயக் கடிகாரக்காரர்கள் ஜார்ஜ் கிரஹாம் பாதரச ஊசலும் ஜான் ஹாரிசன் பல கம்பி ஊசலும் செய்தது அதைச் சமாளிக்கத்தான். குமரியில் வருடம் முழுதும் வீட்டுக்குள் சூடு அவ்வளவாக மாறுவதில்லை. ஒருமுறை அமைத்த வேகம் நெடுங்காலம் நிற்கும். வாரத்துக்கு அரை நிமிடத்துக்குள் பிசகினால் அது நல்ல ஓட்டம்.

மணி அடிப்பு

ஒரு நாளைக்கு 156 அடி. சத்தம் பிடிக்கவில்லை என்று மணிப்பக்க எடையை மட்டும் ஏற்றாமல் விடும் பழக்கம் ஆபத்தானது. பல் வெட்டிய ஒரு பட்டை நத்தை வடிவத் தகட்டின் மேல் விழுந்து அடிகளை எண்ணும் கடிகாரத்தில், மணி அடிக்காவிட்டால் அந்தப் பட்டை தகட்டின் மேலேயே கிடக்கும். 12 முடிந்து 1க்குத் திரும்பும் செங்குத்துப் படியில் அது முட்டி, நேரப்பக்கத்தையும் நிறுத்திவிடும். இரண்டு பக்கமும் எப்போதும் சாவி கொடுக்க வேண்டும்.

நேரம் திருத்த நிமிட முள்ளை முன்னோக்கித் திருப்புங்கள், ஒவ்வொரு மணியிலும் அடித்து முடியும்வரை நின்று. பின்னோக்கித் திருப்பி மணியைத் தாண்டாதீர்கள். அதைவிட ஊசலை நிறுத்தி நேரம் வரும்வரை காத்திருப்பது மேல். தேதி காட்டும் கடிகாரமென்றால் இரவு 9 முதல் 1 வரை முள்ளில் கை வைக்க வேண்டாம், அப்போது தேதிச் சக்கரம் கொளுவியிருக்கும்.

எப்போதும் ஒரே நேரத்தில் நிற்கும் கடிகாரத்துக்கு முட்கள் ஒன்றோடொன்று உரசுகின்றனவா என்று பாருங்கள். பெட்டிக்குள் குளவி மண்கூடு கட்டியதும், பல்லி முட்டை கப்பியில் ஒட்டியதும்கூட நிறுத்தியிருக்கும். நடுக்கதவு சரியாக மூடாவிட்டால் இது அடிக்கடி நடக்கும்.

எண்ணெயும் துலக்கலும்

தேங்காய் எண்ணெய் கூடவே கூடாது. சில மாதத்தில் காறி, பசையாகி, தூசியோடு சேர்ந்து அரைக்கும் களிம்பாகிவிடும். தையல் மெஷின் எண்ணெய் பரவி ஓடிவிடும், துரு நீக்கும் ஸ்ப்ரே உள்ள எண்ணெயையும் கழுவிவிடும். பெரிய கடிகாரங்களுக்கான செயற்கை எண்ணெய் தனியே கிடைக்கிறது, 10 மில்லி பாட்டில் பல வருடம் வரும்.

தகட்டில் ஒவ்வொரு அச்சுமுனையைச் சுற்றியும் கிண்ணம் போல ஒரு குழி கடைந்திருப்பார்கள். எண்ணெய் அந்தக் குழியில் பாதியளவே நிற்க வேண்டும். ஊசி நுனியால் ஒரு சொட்டு. நிறைந்து வழிந்தால், வழியும் எண்ணெய் குழியிலிருப்பதையும் இழுத்துக்கொண்டு போய்விடும், முனை வறண்டுபோகும். நங்கூரத்தின் இரண்டு முகங்களிலும் கப்பி அச்சிலும் துளி. பற்களில் எண்ணெய் விடக் கூடாது, தூசியைப் பிடித்து வைத்து எஃகுச் சிறுசக்கரத்தைத் தேய்க்கும். எண்ணெய் கறுத்துப் பச்சையோடியிருந்தால் மேலும் விடாதீர்கள், பிரித்துச் சுத்தம் செய்யும் காலம் வந்துவிட்டது.

பித்தளை என்றதும் புளியைத் தேடுவது நம் வீட்டுக் கை. புளியும் எலுமிச்சையும் பாத்திரப் பொடியும் இயந்திரத்தின் அருகே வரவே கூடாது. அமிலம் துளைகளுக்குள் தங்கி அரிக்கும், பொடி அச்சில் சிக்கி அறுக்கும். வெள்ளி பூசிய எண்வட்டத்தில் ஒரே தேய்ப்பில் வெள்ளி போய் மஞ்சள் தெரிந்துவிடும். மறுபடி பூசத் தேர்ந்த கை வேண்டும்.

1770களில் பர்மிங்ஹாமிலிருந்து வரத்தொடங்கிய வெள்ளை வண்ண முகப்புகளுக்கு இன்னும் கவனம் தேவை. எண்களும் கடிகாரம் செய்தவர் பெயரும் வண்ணத்துக்கு மேலே மெல்லிய கோட்டில் எழுதியவை. ஈரத்துணி பட்டால் அடித்தளம் நிற்கும், பெயர் துணியோடு வந்துவிடும். பல முகப்புகளில் பெயர் மங்கி ஊர் மட்டும் நிற்பது இப்படித்தான். காய்ந்த மெல்லிய தூரிகையால் தூசி தட்டுவது தவிர எதுவும் செய்ய வேண்டாம். பெட்டி மரத்துக்கு வருடம் ஒருமுறை, மழை ஓய்ந்த தை மாதத்தில், தேன்மெழுகு பூசித் துணியால் தேய்த்தால் போதும். வார்னிஷ் அடிக்காதீர்கள்.

வாரச் சாவி

ஒரு கிழமையைக் குறித்துக்கொள்ளுங்கள். நடுக்கதவைத் திறந்து வைத்துக்கொண்டே சாவி சுற்றுங்கள், எடை மேலேறுவது கண்ணுக்குத் தெரிய வேண்டும். ஏழு நாளுக்குச் சரியாக 14 சுற்று. எடையின் கப்பி உட்காரும் பலகையைத் தொடுவதற்கு இரண்டு விரல் முன்பே நிறுத்துங்கள், முட்டவிட்டால் கயிறு அறுந்துவிடும். எட்டு நாளுக்கு மேல் வீடு பூட்டிப் போவதென்றால் தானாக ஓடி ஓயவிடாதீர்கள். போகும் அன்று ஊசலைக் கையால் பிடித்து நிறுத்துங்கள். எடைகள் பாதிக்கு மேலே தொங்கட்டும், கழற்ற வேண்டாம். கழற்றினால் கயிறு பள்ளத்திலிருந்து நழுவிச் சிக்கிக்கொள்ளும்.